வேண்டாத ஆப்களை கொம்பியூட்டரிலிருந்து நீக்குவது: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையில் எங்கள் வீட்டு முன் அறை மேசையில் எந்த நாளும் யாராவது ஒருவருடைய லப்டொப் இருக்கும். எனக்குக் கடை இல்லை, பகலில் வேறு வேலை. ஆனால் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நிலாவெளி, கிண்ணியா, மூதூர் வரை இருந்து "மெஷின் இழுக்குது, ஒருக்கா பாருங்கோ" என்று கொண்டுவந்து தருவார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் மெஷினில் பழுது இருக்காது, யாரும் கேட்காமல் உள்ளே வந்து குடியேறிய ஆப்கள்தான் இருக்கும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புது லப்டொப் வாங்குவது சாதாரணக் குடும்பத்துக்கு லேசான காரியம் இல்லை. அதனால் "இது சரிவராது, புதுசு எடுங்கோ" என்று யாரும் சொல்வதற்கு முன்னாலும், "ஃபோர்மட் அடிப்போம்" (எல்லாவற்றையும் அழித்து வின்டோஸைப் புதிதாகப் போடுவது) என்று சொல்வதற்கு முன்னாலும், வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன். வின்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

டெஸ்க்டொப்பில் இருந்த ஐகொனை டிலீட் பண்ணிவிட்டேன். ஆப் போய்விட்டதுதானே?

போகவில்லை. அந்த ஐகொன் வெறும் வழிகாட்டிதான், வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிய மாதிரி. வீடும் ஆளும் உள்ளேதான். சிலர் இன்னும் ஒரு படி போய் சி டிரைவுக்குள் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அந்த ஆப்பின் ஃபோல்டரையே டிலீட் செய்துவிடுகிறார்கள். இது இன்னும் மோசம், ஏனென்றால் அந்த ஆப்பை முறையாக நீக்கும் ஃபைலும் அந்த ஃபோல்டருக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். அதையும் சேர்த்து அழித்துவிட்டால் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும், நீக்கப் போனால் எரர் வரும்.

அப்ப சரியான முறை எது, அண்ணா?

செட்டிங்ஸ் திறந்து ஆப்ஸ் பகுதிக்குப் போங்கள். வின்டோஸ் 11இல் இன்ஸ்டோல்ட் ஆப்ஸ் என்று இருக்கும், 10இல் ஆப்ஸ் அன்ட் ஃபீச்சர்ஸ். 11இல் பெயருக்கு நேரே உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் அன்இன்ஸ்டோல் வரும், 10இல் பெயரின் மேலேயே அழுத்த வேண்டும். சில பழைய சொஃப்ட்வெயார்களைக் கொன்ட்ரோல் பெனலில் புரோகிராம்ஸ் அன்ட் ஃபீச்சர்ஸ் பக்கம் போய் நீக்குவது சுகம்.

நீக்கும் முன் அந்த ஆப்பை முழுதாக மூடுங்கள். ஜன்னலை மூடினால் மட்டும் போதாது, கீழே வலது மூலையில் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் சின்ன ஐகொன்களிலும் பாருங்கள். நீக்கி முடிந்ததும் மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலர் இதைத் தவிர்த்துவிட்டு "இன்னும் இருக்குது" என்பார்கள். சில ஃபைல்கள் ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் போகும்.

இன்னொன்று, நீக்கும்போது சில ஆப்கள் "உண்மையாகவே போகிறீர்களா, பாதி விலைக்குத் தருகிறோம்" என்று ஒரு பக்கம் காட்டும். அதில் பளிச்சென்ற நிறத்தில் பெரிதாக இருக்கும் பட்டன் "வைத்திருக்கிறேன்" என்பதாகவே இருக்கும். வாசித்துவிட்டு அழுத்துங்கள்.

எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று எப்படித் தெரியும்?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். நீக்குவது இரண்டு நிமிட வேலை, எதை என்று தீர்மானிப்பதற்குத்தான் நேரம் எடுக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் டவுனில் ஒரு போட்டோகொப்பி கடை மெஷினைத் துப்புரவு செய்தபோது, பெயரைப் பார்த்து விளங்காத ஒன்றை நீக்கிவிட்டேன். அது அவர்களுடைய ஸ்கேனரை இயக்கும் சொஃப்ட்வெயார். மறுநாள் காலை அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் ஸ்கேன் எடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்க, கடை அக்கா போன் எடுத்தார். அரைநாள் வருமானம் போனது அவருக்கு. அன்றிலிருந்து, நீக்கும் ஒவ்வொன்றையும் முதலில் ஒரு கொப்பியில் எழுதாமல் நான் கை வைப்பதில்லை: பெயர், யார் செய்தது, எந்தத் திகதியில் வந்தது. பெயர் விளங்காவிட்டால் அப்படியே இணையத்தில் தேடிப் பாருங்கள். அப்போதும் விளங்காவிட்டால் அது இருக்கட்டும், விடுங்கள்.

தொடவே கூடாதவை சில உண்டு. மைக்ரோசொஃப்ட் விசுவல் சி பிளஸ் பிளஸ் என்று தொடங்கி 2005, 2008, 2010, 2013 என்று வருடம் வருடமாக ஏழெட்டு வரிகள் இருக்கும். "ஒரே சாமான் எட்டுத் தடவை இருக்குதே" என்று எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். விடுங்கள், வெவ்வேறு ஆப்கள் வெவ்வேறு வருடத்து வெர்ஷனை நம்பி ஓடுகின்றன. டொட் நெட் என்பதும் அப்படித்தான். இன்டெல், ஏஎம்டி, என்விடியா, ரியல்டெக் என்று பெயர் வருபவை திரை, சத்தம், வைபை வேலை செய்வதற்கானவை. பிரிண்டர் கம்பெனியின் பெயர் இருந்தால், அந்தப் பிரிண்டர் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பயப்படாமல் நீக்கக்கூடியவையும் உண்டு. அடோபி ஃப்ளாஷ் பிளேயர் இன்னும் பல பழைய மெஷின்களில் கிடக்கிறது. அதன் ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது, 2021 ஜனவரி 12இலிருந்து அது எதையும் காட்டாது, வைத்திருப்பதில் ஆபத்து மட்டும்தான். வின்டோஸுக்கான குயிக்டைமை ஆப்பிள் 2016இலேயே கைவிட்டுவிட்டது. பிரவுசரின் மேல் ஒட்டிக்கொள்ளும் டூல்பார்கள், நீங்கள் போடாத கேம்கள், "டிரைவர் அப்டேட்டர்", "பிசி ஸ்பீட் அப்" என்ற வகைப் பெயர்கள், கொரோனா கால ஒன்லைன் வகுப்புக்குப் போட்டு இப்போது யாரும் திறக்காத மீட்டிங் ஆப்கள், எல்லாம் போகலாம்.

பட்டியலைத் திகதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். மெஷின் எப்போதிலிருந்து இழுக்கத் தொடங்கியது என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால், அந்த நாளை ஒட்டி வந்ததுதான் முதல் சந்தேகம்.

தமிழ் டைப்பிங் சொஃப்ட்வெயார் மூன்று கிடக்குது. நீக்கலாமா?

எங்கள் பக்கத்து வீடுகளுக்கே உரிய கேள்வி இது. அப்பா ரெங்கநாதன் விசைப்பலகைக்குப் பழகியவர், அக்கா பாமினிக்கு, தம்பி ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக மாற்றுபவன். ஒரே மெஷினில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் போட்டிருப்பார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் குறுக்குவழி விசைகள் மோதி, அடிக்கிற எழுத்து ஒன்று வருகிற எழுத்து ஒன்று என்று ஆகும். வீட்டில் எல்லாரையும் கேட்டு, யாருமே பாவிக்காததை மட்டும் நீக்குங்கள். வின்டோஸிலேயே தமிழ் கீபோர்ட் இருக்கிறது, செட்டிங்ஸில் லாங்குவேஜ் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

டைப்பிங் சொஃப்ட்வெயார் வேறு, பாமினி எழுத்துரு வேறு. சொஃப்ட்வெயாரை நீக்கினாலும் எழுத்துருவை நீக்காதீர்கள். பாடசாலை வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், சங்கத்துக் கடிதம் என்று இத்தனை வருடமாக அடித்துவைத்த எவ்வளவோ பாமினியில்தான் இருக்கிறது. எழுத்துரு போய்விட்டால் அந்தக் கடிதங்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. எழுத்துருவைத் திரும்பப் போட்டிருந்தால் அத்தனையும் வாசிக்கக்கூடியதாக இருந்திருக்கும்.

இருபது ஆப் நீக்கினேன், ஆனாலும் வேகம் கூடவில்லையே?

இடம் வேறு, வேகம் வேறு. நீங்கள் திறக்காத ஒரு ஆப் ஹார்ட் டிஸ்கில் சும்மா படுத்திருந்தால் அது இடத்தைத்தான் பிடிக்கும், வேகத்தை அதிகம் தொடாது. மெஷினை இழுக்கவைப்பது, ஓன் செய்தவுடன் தானாக எழும்பி, நீங்கள் கேட்காமலே பின்னால் ஓடிக்கொண்டிருப்பவை. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். மீட்டிங் ஆப், கேம் லோஞ்சர், பாட்டு ஆப், பிரிண்டரின் விளம்பரப் பெட்டி என்று பத்துப் பன்னிரண்டு நிற்கும். வேண்டியவற்றைத் தவிர மற்றவற்றை டிசேபிள் செய்யுங்கள். ஆப் அப்படியே இருக்கும், நீங்கள் கூப்பிடும்போது மட்டும் வரும். நான்கு ஜிபி ரேம் உள்ள மெஷினுக்கு, இருபது ஆப் நீக்குவதை விட இந்த ஒரு வேலை கூடுதல் பலன் தரும். வைரஸ் கார்டையும் (அன்டிவைரஸ்) டச்பேட், சத்தம் சம்பந்தமானவற்றையும் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் இழுத்தால், உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற சுழலாத, வேகமான டிஸ்க்கைப் போட்டால் அதே மெஷின் வேறு மெஷின் போல ஓடும். கடற்கரையோர வீடுகளில் தூசியும் ஈரமும் சேர்ந்து ஃபேன் அடைத்துப்போய், சூட்டினால் மெஷின் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்வதும் உண்டு. அதற்கு எந்த ஆப்பை நீக்கியும் பலன் இல்லை, திறந்து துடைக்கத்தான் வேண்டும்.

இரண்டு வைரஸ் கார்ட் இருந்தால் இரட்டைப் பாதுகாப்புதானே?

இல்லை. இரண்டு காவல்காரர் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுச் சோதித்துக்கொண்டிருப்பார்கள், மெஷின் நடுவில் நசுங்கும். புது லப்டொப்போடு வரும் மாதக்கணக்கு இலவச வைரஸ் கார்ட் காலம் முடிந்த பிறகும் கிடந்து "காசு கட்டு" என்று பயமுறுத்தும். அதை நீக்குங்கள். நீக்கியதும் வின்டோஸின் சொந்த டிஃபென்டர் தானாக எழும்பி வேலையைப் பொறுப்பெடுக்கும், வீட்டுப் பாவனைக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம். வைரஸ் கார்ட்கள் சாதாரண முறையில் முழுதாகப் போகாமல் அடம்பிடிப்பது வழக்கம். மெக்காஃபி, நோர்ட்டன், அவாஸ்ட், கஸ்பர்ஸ்கி எல்லாம் தங்களுடையதை நீக்குவதற்கென்றே தனிக் கருவி வைத்திருக்கின்றன. அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

அன்இன்ஸ்டோல் அழுத்தினால் எரர் வருது. என்ன செய்ய?

முதலில் ரீஸ்டார்ட் செய்து திரும்ப முயலுங்கள். சரிவராவிட்டால் அதே ஆப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்துத் திரும்ப இன்ஸ்டோல் செய்து, அதற்குப் பிறகு நீக்குங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் காணாமல் போன ஃபைல்கள் திரும்ப வந்துவிடுவதால் பல நேரம் இது சரிவரும். அதுவும் இல்லாவிட்டால் ரெவோ அன்இன்ஸ்டோலர் போன்ற ஒன்றைப் பாவிக்கலாம், அது மிச்சம் மீதியையும் தேடிக் காட்டும். காட்டியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவேண்டாம், அந்த ஆப்பின் பெயர் தெளிவாக இருப்பதை மட்டும் அழியுங்கள்.

சேஃப் மோடில் (வின்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் எழுப்பும் முறை) போய் நீக்கச் சொல்லி யாராவது சொன்னால், வின்டோஸ் இன்ஸ்டோலர் வழியாகப் போட்ட சொஃப்ட்வெயார்கள் அங்கே சாதாரணமாக நீங்காது என்பதை ஞாபகம் வையுங்கள். அந்தச் சேவை சேஃப் மோடில் ஓடுவதில்லை.

எதைத் தொடுவதற்கு முன்னும் ஒரு ரீஸ்டோர் பொயின்ட் எடுத்துவையுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டோர் என்று தேடினாலே வரும். சில மெஷின்களில் அது அணைந்திருக்கும், கொன்ஃபிகர் பட்டனுக்குள் போய் ஓன் செய்ய வேண்டும். ஏதாவது பிழையாகிவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம், உங்கள் படங்களையும் கடிதங்களையும் அது தொடாது.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் போட்டால் எல்லாக் குப்பையும் ஒரே அடியாகப் போகுமாமே?

போடாதீர்கள். ரெஜிஸ்ட்ரி என்பது வின்டோஸும் ஆப்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேடு. அதைத் துப்புரவு செய்யும் கிளீனர்களை மைக்ரோசொஃப்ட்டே ஆதரிப்பதில்லை. ரெஜிஸ்ட்ரியில் சில பழைய வரிகள் கிடப்பதால் மெஷின் மெதுவாவதில்லை, ஆனால் தவறான ஒரு வரி போனால் மெஷினே எழும்பாமல் போகலாம். பெயர் பெற்ற ஆப் என்றால் பயமில்லை என்றும் நினைக்கவேண்டாம். உலகம் முழுக்கப் பாவித்த சிகிளீனர் என்ற துப்புரவு ஆப்பின் ஒரு வெர்ஷனுக்குள்ளேயே 2017இல் திருடர்கள் நச்சு நிரலைப் புகுத்தி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. தற்காலிக ஃபைல்களைக் கழிக்க செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியே போதும்.

கீழ் மூலையில் "உங்கள் கொம்பியூட்டரில் ஐந்து வைரஸ்" என்று வந்துகொண்டே இருக்குது. எந்த ஆப்பை நீக்க?

பெரும்பாலும் அது ஆப்பே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போனபோது "அலோவ்" அழுத்தியிருப்பீர்கள், அந்தத் தளம் அனுப்பும் நோட்டிஃபிகேஷன் இது. பிரவுசரின் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் அகற்றுங்கள். அப்படியே எக்ஸ்டென்ஷன்களையும் ஒருமுறை பாருங்கள். அந்த நோட்டிஃபிகேஷனில் வரும் போன் நம்பருக்கு மட்டும் எடுக்காதீர்கள். எடுத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் (தூரத்திலிருந்து உங்கள் மெஷினை இயக்கவிடும் ஆப்கள்) போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே இணையத்தைத் துண்டித்து அதை நீக்குங்கள். வங்கி பாஸ்வேர்டை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

வாங்கின இடத்தில் ஒஃபிஸ் எல்லாம் இலவசமாகப் போட்டுத் தந்தார்கள். அதில் பிரச்சினை உண்டா?

கிராக் செய்து போட்டிருந்தால் உண்டு. லைசன்ஸ் இல்லாமல் ஒஃபிஸை ஓடவைக்கும் அக்டிவேட்டர் என்ற ஆப் ஓடுவதற்காக டிஃபென்டரில் ஒரு ஃபோல்டரை "இதைப் பார்க்காதே" என்று விலக்கிவைத்திருப்பார்கள். அந்த ஓட்டை வழியாக வேறு எதுவும் வந்து உட்காரலாம். வின்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷன், மெனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று இருக்கும். நீங்கள் போடாத எதுவும் அங்கே இருந்தால் அகற்றிவிட்டு முழு ஸ்கேன் ஓடவிடுங்கள். கடிதமும் கணக்கும் எழுதத்தான் என்றால் லிப்ரெ ஒஃபிஸ் இலவசம், தமிழும் நன்றாக வரும். பிள்ளையின் வகுப்புக்கு அது போதும் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

வன்ட்ரைவை நீக்கினால் படங்கள் போய்விடுமா?

கவனமாக இருங்கள். வன்ட்ரைவ் என்பது ஃபைல்களை இணையத்தில் வைக்கும் மைக்ரோசொஃப்ட்டின் சேமிப்பு இடம். பல மெஷின்களில் டெஸ்க்டொப்பும் டொக்கியுமென்ட்ஸும் உங்களுக்குத் தெரியாமலே வன்ட்ரைவுக்குள் போயிருக்கும். பெயருக்குப் பக்கத்தில் மேகம் போன்ற குறி இருந்தால் அந்த ஃபைல் உங்கள் மெஷினில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. முதலில் அந்த ஃபோல்டரில் வலது கிளிக் செய்து "எப்போதும் இந்த மெஷினில் வை" என்ற பொருளில் வரும் தெரிவை அழுத்தி, எல்லாம் இறங்கி முடியும் வரை காத்திருங்கள். வெளி டிரைவ் ஒன்றில் ஒரு கொப்பியும் எடுங்கள். அதற்குப் பிறகு நீக்கலாம். கல்யாணப் படங்கள் எல்லாம் போய்விட்டன என்று கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி அழுதுகொண்டு வந்தாள், கணக்கில் போய்ப் பார்த்தபோது எல்லாம் பத்திரமாக இருந்தன. பாஸ்வேர்ட் ஞாபகம் இருந்ததால் தப்பினோம்.

வின்டோஸோடு வரும் எட்ஜ் பிரவுசரை நீக்க முடியாதா?

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளில் 2024இலிருந்து சட்டம் காரணமாக நீக்கலாம். இலங்கையில் அந்தத் தெரிவு வராது. வேறு பிரவுசரை டிஃபோல்ட் ஆக்கிவிட்டு, ஸ்டார்ட்அப்பிலும் நிறுத்திவிடுங்கள். பலவந்தமாகப் பிடுங்கும் வழிகளை முயலவேண்டாம்.

நீக்கினாலும் சில நாளில் புதிது புதிதாக வருதே?

வேறு ஏதோ சொஃப்ட்வெயாரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இன்ஸ்டோல் செய்யும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தாமல் கஸ்டம் என்பதைத் தெரிவுசெய்து, டிக் போட்டு வைத்திருப்பதை எடுத்துவிடுங்கள். தேடலில் முதலில் வருவது பல நேரம் விளம்பரம், தளத்தின் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வின்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அன்ட் பிரவுசர் கொன்ட்ரோலுக்குள் ரெப்யூட்டேஷன் பகுதியில், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. 2020இல் வந்த வெர்ஷனிலிருந்து எல்லாருக்கும் உண்டு, உங்கள் மெஷினில் அது ஓன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள்.

மழை நேரத்தில் செய்யலாமா?

டெஸ்க்டொப் என்றால், யூபிஎஸ் இல்லாமல் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள். பாதி நீங்கிய நேரத்தில் கரண்ட் போனால் அந்த ஆப் போகவும் போகாது, ஓடவும் ஓடாது. லப்டொப் என்றாலும் பற்றரி நிறைந்திருக்கட்டும்.

அப்ப எப்போதுதான் ஃபோர்மட் அடிப்பது?

டிஃபென்டரில் ஒஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, மெஷின் ரீஸ்டார்ட் ஆகி வின்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும், ஏறக்குறைய கால் மணிநேரம். அதற்குப் பிறகும் அதே வைரஸ் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது டிஃபென்டரை ஓன் செய்யவே விடாமல் ஏதோ ஒன்று தடுத்தால், அப்போது ஃபோர்மட் சரி. படங்கள், கடிதங்கள், பாமினி எழுத்துரு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள், பிரிண்டரின் மொடல் நம்பர் எல்லாம் எடுத்தாயிற்றா என்று வீட்டில் அந்த மெஷினைப் பாவிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அம்மாவையும் கேளுங்கள், கோயில் சங்கத்துக் கணக்கு அவரிடம்தான் இருக்கும்.